பதினொன்றாம் மரத்தின் பலன்

நாட்டின் முன்னேற்றத்துக்கு இலைகள் இடையூறாக இருக்கக் கூடாது என்பதை எழுத்து மூலமாக முதன்முதலில் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகிற சங்கதிகளுக்கெல்லாம் யார் பொறுப்பு என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் கிளமெண்ட். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கோச்சடையில் வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் என் வெள்ளைக் கார். ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியவை ரத்தத்தில் சர்க்கரையும் கையில் பேனாவும். சர்க்கரைக்காகக் காலையில் நடக்க ஆரம்பித்தேன். பேனாவுக்காக நடைப்பயிற்சியாளர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆனேன். மனு எழுதுவதில் இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நாங்கள் நடப்பது வைகைக் கரையை ஒட்டிய நாலு ஏக்கர் புறம்போக்கில். அதில் பதினெட்டுப் புளியமரங்கள் நின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் தார் பூசி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்டிருக்கும். சர்க்காருக்கு மரம் என்றால் அந்த எண்தான், மற்றதெல்லாம் விறகு.

அந்த மரங்கள் செய்த குற்றம், இலை கொட்டியது. பொடிப்பொடியாக, வருடம் பூராவும், எங்கள் தலையிலும் நாங்கள் நிறுத்திவைத்த வண்டிகளிலும் கொட்டியது. மேலே காக்கைகள் இருந்தன, அவை தம் பங்குக்குச் செய்தன. மாசி பங்குனியில் பழம் விழுந்து ஷூவில் ஒட்டியது. சங்கக் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். நான் எழுதினேன்:

"மேற்படி மரங்கள் யாதொரு முன்னறிவிப்புமின்றி நாள்தோறும் இலைகளை உதிர்த்து, நடைப்பயிற்சியாளர்தம் நலனுக்கும் ஊர்திகளின் தோற்றத்துக்கும் ஊறு விளைவித்து வருவதால், தக்க மேல்நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

'யாதொரு முன்னறிவிப்புமின்றி' என்ற இடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வழக்கமாக என் மனுக்களுக்குப் பதில் வர நாளாகும். தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதியதற்கு இரண்டு வருடம் கழித்து, குடிநீர்க் குழாயைப் பற்றிப் பதில் வந்திருக்கிறது. இந்த மனுவுக்கோ பதினோராம் நாளே ஜீப் வந்துவிட்டது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. நகர்ப்புறப் புத்துணர்ச்சி மற்றும் நவீன விளையாட்டு முகமை என்று புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். அங்கே கட்டடம் இருந்தது, ஜீப் இருந்தது, மூன்று வகை முத்திரை இருந்தது. மனு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. என் மனுவைப் பார்த்ததும் தபால் பிரிவில் இனிப்பு கொடுத்தார்களாம்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் திட்ட அலுவலர் அழகுபாண்டி. வெளிநாட்டில் பன்னிரண்டு நாள் பயிற்சி முடித்துத் திரும்பியவர். அந்தக் குளிருக்கு வாங்கிய மேல்கோட்டை மதுரை வெயிலிலும் கழற்ற மனம் வரவில்லை அவருக்கு. பின்னாலேயே கோப்புக் கட்டுடன் இறங்கினான் பெர்சி, முகமையின் உதவியாளர், என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன். வரையறைகளைத் தலைகீழாக ஒப்பிப்பான். தீபகற்பம் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான், ஆனால் படத்தில் காட்டத் தெரியாது.

அழகுபாண்டி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தார். ரசப் பாத்திரத்தை மூடுகிற அளவு இருந்தது.

"இது என்ன தெரியுமா சார்? டிஸ்க் கோல்ஃப். தமிழ்ல வட்டெறி குழிப்பந்தாட்டம்னு பேர் வச்சிருக்கோம்."

"பந்து எங்க?"

"பந்து கிடையாது."

"குழி?"

"குழியும் கிடையாது. கம்பத்துல சங்கிலி தொங்கும், கீழ ஒரு கூடை இருக்கும். தட்டை வீசுனா சங்கிலியில பட்டுக் கூடையில விழணும். பதினெட்டுக் கூடை. உலகமே விளையாடுது சார், நாமதான் பின்தங்கிட்டோம்."

பின்தங்கிவிட்டோம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. எங்கள் சங்கத்தில் யாருக்குமே தாங்காது. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை பெயர்கூடத் தெரியாத விளையாட்டில் இம்புட்டு நாள் பின்தங்கிக் கிடந்தோமே என்று எல்லோருக்கும் மனசு பதறிவிட்டது. மரங்கள் தட்டை மறைக்கும், ஆகவே அகற்ற வேண்டியது என்று அங்கேயே முடிவாயிற்று. என் மனுவும் அவருடைய தட்டும் அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டன.

"வெட்டிருவீங்களா?" என்றேன் லேசாக.

"சேச்சே. இப்ப யாரும் மரத்தை வெட்டுறதில்ல சார். இடமாற்றம். வேரோட எடுத்து கொட்டாம்பட்டியில நம்ம முகமைக்கு ஒதுக்குன நிலத்துல வச்சிருவோம். அங்கயும் மரம் வச்ச கணக்கு, இங்கயும் மரம் வெட்டாத கணக்கு."

அப்போதுதான் தங்கப்பொண்ணு வந்தாள். மைதானத்துக்குப் பின்னாலிருக்கிற லைன் வீட்டில் குடியிருப்பவள். பருவத்தில் புளி உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, செல்லூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலாக மடித்த காகிதம்.

"சார், பதினொண்ணாம் நம்பர் மரம் எனக்குப் பாத்தியப்பட்டது. 2-சி பட்டா. எங்க ஆத்தா முனியாயி பேர்ல இருந்து எம் பேருக்கு மாத்துனது."

2-சி பட்டா என்பது வருவாய்த் துறை உலகத்துக்கு அளித்த அதிசயங்களில் ஒன்று. நிலம் சர்க்காருடையது. அதில் நிற்கிற மரத்தின் பலன் மட்டும் பட்டாதாரருக்கு. வெட்டக் கூடாது, விற்கக் கூடாது. ஆனால் காய்ப்பதையும் விழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். தங்கப்பொண்ணுவின் பட்டாவில், இன்ன சர்வே எண்ணில் உள்ள மரம் எண் 11-இல் உண்டாவதும் அதிலிருந்து விழுவதுமாகிய பலன் முழுவதும் அவளுக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. சொந்தமாக ஒரு செண்டு நிலம்கூட இல்லாத குடும்பத்துக்கு அந்தக் காகிதம்தான் சொத்து.

அழகுபாண்டி படித்துப் பார்த்தார். "உங்க பட்டா செல்லும்மா. யாரும் இல்லன்னு சொல்லல."

"மரத்தைக் கொட்டாம்பட்டிக்குக் கொண்டுபோயிட்டா பலனை எங்க எடுக்குறது?"

"அங்க போய் எடுத்துக்கங்க."

"பட்டாவுல இந்த சர்வே நம்பர்தான சார் இருக்கு? அங்க போனா களவாணின்னு பிடிச்சுக் குடுப்பாக."

"அப்ப இங்கயே எடுத்துக்கங்க."

"இங்கதான் மரம் இருக்காதே."

அழகுபாண்டி பெர்சியைப் பார்த்தார். பெர்சி கோப்பைப் புரட்டி, "மரத்தை எடுக்க அனுமதி குடுக்குற பசுமைக் குழுவோட நிபந்தனை இருக்கு சார். இடமாற்றம் பண்ணுன மரத்துக்குப் பதிலா அதே இடத்துல, அதே எண்ணுல ஒரு மரம் மறுநடவு செய்யணும்" என்றான்.

"பாத்தீங்களாம்மா? உங்க பதினொண்ணாம் நம்பர் எங்கயும் போகாது."

தங்கப்பொண்ணு காகிதத்தை வாங்கிக் கவருக்குள் வைத்தாள். "அந்த ஒரு மரந்தான் சார் வருசத்துல ஆறு மாசம் எங்க வீட்டு அடுப்பை எரிய வைக்கிது" என்று மட்டும் சொன்னாள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் புளி ஒட்டியிருந்தது.

அடுத்த வாரம் பெரிய இயந்திரங்கள் வந்தன. கிளைகளை அறுத்து, வேரைச் சுற்றித் தோண்டி, மரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து டிரெய்லரில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கிளை இழந்த பிறகும் இடுப்பில் எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பதினொன்றாம் மரம் போகும்போது காளவாசல் சிக்னலில் டிரெய்லர் நின்றது, பின்னாலேயே என் காரும் நின்றது. நம் ஊர்க்காரர்கள் சிக்னலில் கோட்டுக்கு முப்பது அடி முன்னாலேயே நிழல் பார்த்து நிற்பவர்கள் ஆயிற்றே. அந்த மொட்டை மரத்தின் நிழல் ரோட்டில் ஒரு முழம் விழுந்தது. அதற்குள் நாலு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் நெருக்கியடித்து நின்றன. "மாப்ள, தள்ளி நில்றா, எனக்கும் கொஞ்சம் நெழல் விடு" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. பச்சை விழுந்ததும் நிழல் கிளம்பி மேலூர்ப் பக்கம் போய்விட்டது. எனக்கு அன்றைக்கு மனசு சரியாக இல்லை. ஆனால் கார் சுத்தமாக இருந்தது.

மைதானத்தைச் சமப்படுத்தி, பதினெட்டு இரும்புக் கம்பம் ஊன்றி, சங்கிலி தொங்கவிட்டு, கூடை மாட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, விதிப்படி, ஆட்டம் எப்படி ஆடுவது என்று சொல்ல நிபுணரை அழைத்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஜூடு என்று ஒரு பையன் வந்தான். தொப்பியைக் கழற்றினான், சுற்றிலும் பார்த்தான், வெயில் தாங்காமல் மறுபடி மாட்டிக்கொண்டான்.

"மரமெல்லாம் எங்க சார்?"

"தட்டை மறைக்கும்னு எடுத்துட்டோம்."

"மறைக்கணும் சார். மரத்தைச் சுத்தி வளைச்சு எறியுறதுதான் இந்த ஆட்டமே. மரமில்லாட்டி இது சும்மா தட்டு வீசுறது. பெரிய பெரிய மரமா ஒரு பதினெட்டாவது வேணும்."

அழகுபாண்டி மேல்கோட்டின் பொத்தான் ஒன்றைக் கழற்றினார். அப்படி அவர் செய்து அன்றுதான் பார்த்தேன்.

"கொட்டாம்பட்டியில இருந்து திருப்பிக் கொண்டு வந்துரலாமா?" என்று பெர்சியைக் கேட்டார்.

"அங்க பதினெட்டு மரம் நட்டதா அறிக்கை அனுப்பியாச்சு சார். எடுத்தா அந்த இலக்கு கொறையும்."

"கன்னு வச்சா?"

"கன்னை மரம்னு ஏத்துக்க மாட்டாங்க. அடுத்த புதன்கிழமை பசுமைக் குழு எண்ண வருது."

மூவரும் வெயிலில் நின்றார்கள். ஒதுங்க இடமில்லை என்பதால் வேகமாக யோசிக்க வேண்டியிருந்தது. பெர்சி முகமையின் கையேட்டைப் பிரித்து, ஒன்பதாம் வகுப்பில் என் முன்னால் எழுந்து நின்ற அதே தோரணையில் ஒப்பித்தான்: "மரம் எனப்படுவது யாதெனில், தரையில் ஊன்றி நிற்பதும், நான்கு அடி உயரத்துக்குக் குறையாததும், மேற்பகுதியில் கிளைத்துத் தொங்குவதும், கால்நடைகளால் எளிதில் மேயப்பட இயலாததும் ஆகும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கூடைக் கம்பத்தைப் பார்த்தோம். தரையில் ஊன்றி நின்றது. நாலடிக்குக் குறையவில்லை. மேலே சங்கிலிகள் கிளைத்துத் தொங்கின. சற்று முன்பு ஒரு வெள்ளாடு வந்து நக்கிப் பார்த்துவிட்டு, மேய முடியாமல் போயிருந்தது.

"அப்ப தட்டு எதைச் சுத்திப் போகும்?" என்றான் ஜூடு.

"மரத்தைச் சுத்தி."

"எதுல விழும்?"

"மரத்துல."

ஜூடு தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டான். பிறகு நிபுணர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டான். நிபுணர்களில் அவன் நல்ல நிபுணன்.

கம்பங்களின் இடுப்பில் தார் பூசி, வெள்ளைப் பெயிண்டில் ஒன்று முதல் பதினெட்டு வரை எழுதினார்கள். புதன்கிழமை பசுமைக் குழு வந்து எண்ணியது. பதினெட்டு இருந்தது. "இனம்?" என்று கேட்டதற்குப் பெர்சி "வறட்சியைத் தாங்கக்கூடியது" என்றான். வாரம் இருமுறை தண்ணீர் ஊற்ற லாரி ஏற்பாடாயிற்று. மறுநடவில் பட்டுப்போன மரம் ஒன்றுகூட இல்லை என்று குழுவினர் வியந்து பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள்.

மாசி பிறந்தது. தங்கப்பொண்ணு என் வீட்டுக்கு வந்தாள். வேப்பமரத்தடியில், என் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வாத்தியாரய்யா, ஒரு மனு எழுதித் தரணும். என் மரத்தைக் காணோம்" என்றாள்.

எழுதினேன். எதிர்த்தரப்புக்கு எழுதுவதிலும் ஒரு ருசி இருக்கிறது. பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அதையும் என்னிடம்தான் கொண்டு வந்தாள். "தங்கள் மரம் எண் 11 மேற்படி சர்வே எண்ணில் நல்ல நிலையில் உள்ளது. அதன் பலனைத் தாங்கள் அனுபவித்துக்கொள்ள யாதொரு தடையும் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது." கீழே அழகுபாண்டியின் கையெழுத்து, மூன்று வகை முத்திரையும்.

உத்தரவுகளின் தலையில் 'பார்வை' என்று சின்ன எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். எந்தெந்த மனு, எந்தெந்தக் கடிதம் இதற்குக் காரணம் என்று அதில் போட்டிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. அந்தக் காகிதத்தில் பார்வை ஒன்று என்று என் பெயரும் எங்கள் சங்கத்தின் பெயரும் இலை உதிர்வு பற்றிய மனுவும் இருந்தன. நான் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மீதியைப் படித்துக் காட்டினேன். தங்கப்பொண்ணு எட்டாவது வரை படித்தவள். காகிதத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நிதானமாக அவளும் ஒருமுறை படித்தாள். மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

"நல்ல நெலைமையில இருக்காம்ல. அப்ப பலனை எடுக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழா. பந்தல், பேண்டு வாத்தியம், எங்கள் சங்கத்தார் எல்லோருக்கும் தொப்பி. பந்தலுக்கு எதிரே இருந்தது பதினொன்றாம் கூடை என்பதால், முகமைத் தலைவர் முதல் தட்டை அதில்தான் எறிவதாக ஏற்பாடு. தங்கப்பொண்ணு விடிந்ததுமே வந்து, வழக்கமாகப் புளி பொறுக்க வருகிற மாதிரி, கூடைக்குக் கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தொரட்டிக் கம்பு. கிராமியக் கலைநிகழ்ச்சிக்கு வந்தவள் என்று நினைத்து ஒருவர் அவளுக்கும் தொப்பி கொடுத்தார்.

தலைவர் எறிந்தார். ஐந்து தட்டுகள் ஐந்து திசையில் போயின. ஆறாவது, சங்கிலியில் சலங் என்று பட்டுக் கூடையில் விழுந்தது. பேண்டு முழங்கியது. தங்கப்பொண்ணு எழுந்து தட்டை எடுத்து, தூசி தட்டி, சாக்கில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது எங்க தட்டு" என்று ஓடி வந்தார் அழகுபாண்டி.

"விழுகுற வரைக்கும் உங்க தட்டு சார். விழுந்தப்பறம் பலன்."

"மரத்துல காய்க்கிறதுதாம்மா பலன்."

"உண்டாவதும், விழுவதும்னு ரெண்டும் போட்டிருக்கு சார். நல்லாப் பாருங்க, சங்கிலியில இருந்துதான விழுந்துச்சு? சங்கிலிதான கெளை?" அவள் கவரைப் பிரித்துப் பட்டாவையும் முகமையின் பதிலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். "நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீக. எனக்குத் தடையில்லைன்னு."

பேண்டு இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அழகுபாண்டி பெர்சியைத் தனியே கூப்பிட்டார். நானும் செயலாளர் என்ற முறையில் கூடப் போனேன்.

"இது மரமே இல்லன்னு சொல்லிட்டா என்ன?"

"சொல்லலாம் சார். அப்ப மறுநடவு செஞ்ச பதினெட்டு மரம் எங்கன்னு கேப்பாங்க. பசுமைக் குழு கையெழுத்து இருக்கு, நிபுணர் கையெழுத்து இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. லாரித் தண்ணிக்கு ரசீது இருக்கு."

"பதினொண்ணை மட்டும் பிடுங்கிட்டா?"

"மறுநடவு மரத்தை மறுபடி அகற்றுனா ஒண்ணுக்குப் பத்து நடணும் சார்."

கோபம் வந்தால் மனிதனுக்குக் கணக்கு ஓடாது. அழகுபாண்டி பிடுங்கச் சொல்லிவிட்டார். அன்று மாலையே பதினொன்றாம் கூடை போயிற்று. பத்தாம் நாள் அந்த இடத்தைச் சுற்றிப் பத்துக் கூடைகள் ஊன்றப்பட்டன. பதினொன்று-அ, பதினொன்று-ஆ என்று ஆரம்பித்து, பதினொன்று-ஒ வரை தார் பூசி எழுதினார்கள். தாய்மரத்தின் பட்டா பாத்தியதை ஈடாக நடப்பட்ட மரங்களுக்கும் தொடரும் என்ற விதியைத் தங்கப்பொண்ணு கேட்கவே இல்லை. பெர்சியே ஒப்பித்துவிட்டான். பழக்கதோஷம்.

இப்போது மைதானத்தில் எந்தப் பக்கம் நின்று எறிந்தாலும், பத்துக் கூடையில் ஏதாவது ஒன்று தட்டைப் பிடித்துக்கொண்டது. தங்கப்பொண்ணுவின் சாக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நிரம்பியது. செல்லூர்ச் சந்துகளில் தண்ணீர்க் குடங்களுக்கெல்லாம் ஆரஞ்சு, பச்சை, நீலத்தில் மூடி வந்தது. ஒரு டீக்கடையில் எனக்கே அதில் வைத்துத்தான் பஜ்ஜி கொடுத்தார்கள். தட்டு இல்லாமல் தவித்த விளையாட்டு வீரர்கள் அவள் வீட்டு வாசலில் நின்று தங்கள் தட்டைத் தாங்களே வாங்கிக்கொண்டு போனார்கள். வருடாந்தர மகசூல் ஆய்வுக்கு வந்த பெர்சி, 'காய்ப்பு: மிக நன்று. பூச்சித் தாக்குதல்: இல்லை' என்று எழுதிக்கொண்டு போனான்.

ஒருநாள் அவளிடம், "புளியைவிட இது தேவலைதானே தங்கப்பொண்ணு? உலுக்க வேண்டாம், உரிக்க வேண்டாம்" என்றேன். சமாதானம் தேடித்தான் கேட்டேன்.

"அது சரிதான் வாத்தியாரய்யா. ஆனா இதுக்குக் கீழ உக்காந்து ஒருவாய்ச் சோறு திங்க முடியலியே" என்றாள். தன் மரத்தைப் பார்க்கக் கொட்டாம்பட்டிக்குப் போய் வந்ததாகவும் சொன்னாள். பதினேழு மரங்கள் பட்டுக் கட்டையாக நிற்கின்றனவாம். பதினொன்று என்று இடுப்பில் எழுதியது மட்டும் வடபக்கமாக மூன்று இடத்தில் துளிர்த்திருக்கிறதாம். எண்கள் எல்லாம் கோச்சடையில் இருப்பதாகக் கணக்கு என்பதால், கொட்டாம்பட்டிப் பதிவேட்டில் பதினெட்டு என்ற தொகை மட்டும்தான் உண்டு, பதினொன்று என்று ஒரு மரம் கிடையாது. தண்ணீர் லாரி அதற்கு வராது. இவள்தான் வாரம் ரெண்டு முறை பஸ்ஸில் கேனோடு போய் ஊற்றுகிறாள்.

"பலனுக்குப் பட்டா இங்க இருக்கு, மரம் அங்க இருக்கு. அதுக்காக விட்டுற முடியுமா?" என்றாள்.

சித்திரையில் எங்கள் பகுதிக்குப் பசுமை விருது கிடைத்தது. மரங்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் பதினெட்டிலிருந்து இருபத்தேழாக உயர்ந்ததற்காக. சங்கத்தின் சார்பில் மேடையேறிக் கேடயம் வாங்கியவன் நான். வெயில் அன்றைக்கு எப்படி இருந்தது என்றால், கேடயத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தேன். நடைப்பயிற்சியாளர்கள் ஆறு மணி நடையை ஐந்தாக்கி, ஐந்தை நாலாக்கி, கடைசியில் அவரவர் மொட்டைமாடிக்குக் கீழே வீட்டு ஹாலில் நடக்க ஆரம்பித்தார்கள்.

வேறு வழியில்லாமல் மறுபடி பேனாவை எடுத்தேன். மைதானத்தில் நிழல் இல்லாததால், நிழல் தரும் மரக்கன்றுகள் நட ஆவன செய்யுமாறு பணிவுடன் எழுதினேன். பதில் ஒன்பதே நாளில் வந்தது.

"தங்கள் பகுதிக்கு அனுமதிக்கப்பட்ட மரங்கள் இருபத்தேழு. மேற்படி எண்ணிக்கை ஏற்கெனவே எட்டப்பட்டுவிட்டது. அதற்கு மேல் உள்ள மரங்கள் உபரி எனக் கண்டறியப்பட்டு, மரம் குறைவாக உள்ள பகுதிகளுக்கு நிரவல் செய்யப்படும்."

உபரி, நிரவல். முப்பத்து மூன்று வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த இரண்டு வார்த்தையின் அர்த்தம் தெரியாதா? மாணவர் குறைந்த பள்ளிக்கூடத்தில் உபரி ஆசிரியரைக் கண்டுபிடித்து, ஜூன் மாதத்தில் எங்கேயோ தூக்கிப் போடுவார்களே, அதேதான். வாசலுக்கு ஓடினேன். என் வேப்பமரத்தின் இடுப்பில் தார் பூசியிருந்தது. ஈரம் காயவில்லை. வெள்ளையில் இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது.

பெர்சி தெருமுனையில் பெயிண்டு டப்பாவோடு நின்றான்.

"சார், ஆர்டர்ல காரணம்னு ஒரு பத்தி எழுதணும். எனக்கு வார்த்தை வரல. அதான் உங்க பழைய மனுவுல இருந்தே எடுத்துப் போட்டுட்டேன். நீங்க எழுதுனாத்தான் சார் அந்தக் கம்பீரம் வருது."

வாங்கிப் படித்தேன். 'மேற்படி மரம் யாதொரு முன்னறிவிப்புமின்றி நாள்தோறும் இலைகளை உதிர்த்து...' எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் வளர்த்த பிள்ளை.

எனக்குத் தெரிந்த, இந்த ஆபீசை ஜெயித்த ஒரே ஆள் தங்கப்பொண்ணுதான். சொல்லியனுப்பினேன். கொட்டாம்பட்டிக்குக் கிளம்பியவள், இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு அப்படியே வந்தாள். கேனைக் கீழே வைத்துவிட்டு, மரத்தைச் சுற்றி வந்து எண்ணைப் பார்த்தாள்.

"எப்ப எடுக்குறாகளாம்?"

"திங்கட்கிழமை. என் மக ரூத் பொறந்த வருசம் வச்ச மரம் தங்கப்பொண்ணு. ஏதாவது செய்யணும்."

"பட்டா இருக்கா வாத்தியாரய்யா?"

"இல்லியே. தெருவோரம்தானே."

"இம்புட்டு வருசமும் பட்டா இல்லாமயா நெழல்ல காரை நிறுத்துனீக?" அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டாள். "காட்டுங்க, என்ன காரணம் போட்டிருக்காக?"

ஆர்டரைக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். பார்வை ஒன்று என்று என் பழைய மனு இருந்த இடத்தில், அன்றைக்கு நான் கட்டைவிரல் வைத்து மறைத்தேனே, அதே இடத்தில், அவள் தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இலை கொட்டுதா வாத்தியாரய்யா?"

அப்போதுதானா காற்று அடிக்க வேண்டும்? பழுத்த இலைகள் கொத்தாக வந்து கார்மேலும் என் தலைமேலும் விழுந்தன. நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்: "கொட்டலியே."

தங்கப்பொண்ணு என் தோளில் கிடந்த ஓர் இலையை எடுத்தாள். என் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் செருகினாள்.

"அப்படியே எழுதுங்க. விசாரணைக்கு வந்தா, பையில எதுவும் இல்லாமப் பாத்துக்கங்க" என்றாள். பிறகு கேன்களைத் தூக்கிக்கொண்டாள். "எதுக்கும் கொட்டாம்பட்டியில என் மரத்துக்குப் பக்கத்துலயே குழி தோண்டச் சொல்லுங்க. ஊத்துற தண்ணியில இதுக்கும் கொஞ்சம் ஊத்துறேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். நான் மேசைக்குப் போய் உட்கார்ந்து, 'மேற்படி மரம்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை.